குமரியில் சைக்கிள் பந்தயம்: உங்களுக்குப் பொருந்துவது எது?

சைக்கிள் பந்தயத்தில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் போய் நின்றால் பதிலும் உடனே கிடைத்துவிடும்: கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற ஒரு வண்டி. ஆனால் சமதளத்தில் தனியாக விரட்ட ஒரு வகை வண்டி, கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு வேறொரு வகை, வெலோட்ரோம் என்கிற சரிந்த சுற்றுத்தளத்துக்குப் பிரேக்கே இல்லாத இன்னொரு வகை. எந்தப் பந்தயம் என்று தெரியாமல் அரை லட்சம் கொடுத்து வாங்கிய சைக்கிள்கள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்து நிற்கின்றன. முதலில் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் புது வண்டி தேவையில்லை. வீட்டில் இருப்பதோ, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளோ போதும். மீதியை நம் மாவட்டத்துச் சாலைகளே சொல்லிவிடும்.

மாவட்டம் சிறியதுதான். ஆனால் சைக்கிள்காரருக்கு வேண்டிய எல்லா வகைத் தரையும் ஒரு காலை நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்வெளி, ஒரே சமம். வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அங்கே உங்கள் நெஞ்சிலும் மோதும். மேற்கே கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்கள்: செம்மண் மேடுகள், அவற்றுக்கு நடுவே ஏலாக்கள் எனப்படும் தாழ்ந்த வயல்கள், ஒரு இறக்கத்தில் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஏற்றம். வடக்கே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளும் ரப்பர் தோட்டங்களும். தெற்கே கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் என்று நீளும் கடலோரச் சாலை. இவற்றில் எந்தச் சாலையில் உங்களுக்கு "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கூட்டத்தோடு ஓட்டப் போகிறீர்களா, தனியாகவா? ரோட் ரேஸ், டைம் ட்ரையல் இரண்டும் ஒரே தார்ச்சாலையில்தான் நடக்கின்றன. ஆனால் அவை இரண்டு வேறு விளையாட்டுகள்.

ரோட் ரேஸில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள், முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்கு வெற்றி. மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். அதனால் முன்னால் போகிறவரின் வீலைப் பிடித்து ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ரோட் ரேஸின் சூட்சுமம் முழுவதும் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. எப்போது மறைந்து ஓட்டுவது, எப்போது வெளியே வருவது, யாரை முன்னால் விடுவது, யார் பாய்ந்தால் துரத்துவது என்று கூட்டத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே வலுவான கால் உள்ளவர் தோற்றுப்போவது சாதாரணம். தந்திரம் பிடித்தவர்கள், கபடியில் எதிராளியின் கண்ணைப் பார்த்தே நகர்வைக் கணிக்கிற ரகத்தைச் சேர்ந்தவர்கள், இதில் ஒளிர்வார்கள்.

ஆனால் முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டர்கூட இல்லாமல் 35 கி.மீ. வேகத்தில் போகும் துணிச்சல் வேண்டும். சில வாரம் பழகினால் பலருக்கு அந்தப் பயம் போய்விடும். சிலருக்குப் போகவே போகாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கிரிட்டேரியம் என்கிற குறுகிய சுற்றுப் பந்தயத்தில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடியும் எழும்பிப் பாய வேண்டும். வளைவைக் கண்டு பிரேக்கை அழுத்துகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவார்.

டைம் ட்ரையலில் ஒவ்வொருவராக, வழக்கமாக ஒரு நிமிட இடைவெளியில் புறப்படுவார்கள். வீல் பிடிக்க அனுமதி இல்லை. கடிகாரம் மட்டும்தான் எதிரி. தன் உடம்பின் எல்லையைத் தொட்டு, அதைத் தாண்டாமல், அங்கேயே அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நிற்கத் தெரிந்தவருக்கான பந்தயம் இது. பொறுமைசாலிகள், கணக்கில் தெளிவானவர்கள், யாரும் பார்க்காவிட்டாலும் முழு மூச்சாக உழைக்கிறவர்கள் இதற்குப் பொருத்தம்.

இங்கே உடல்வாகைப் பற்றியும் பேசியாக வேண்டும். சைக்கிள்காரர் என்றாலே ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. ஏற்றத்துக்கு அது சரி. 60 கிலோ எடையுள்ளவர் 240 வாட் சக்தி கொடுக்கிறார், 80 கிலோ உள்ளவர் 320 வாட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4 வாட் என்று இருவருக்கும் ஒரே கணக்கு; செங்குத்தான ஏற்றத்தில் கிட்டத்தட்ட சேர்ந்தே ஏறுவார்கள். சமதளத்தில் 80 கிலோக்காரர் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஏனென்றால் எடை கூடும் அளவுக்குக் காற்றில் மோதும் பரப்பு கூடுவதில்லை. 2022-இல் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்த இத்தாலியர் பிலிப்போ கன்னா 1.93 மீட்டர் உயரமும் 80 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர். மலைகளில் பேர்போன அவர் நாட்டுக்காரர் மார்க்கோ பந்தானி 60 கிலோகூட இல்லை. உயரமாக, கனமாக இருக்கும் பையனைப் பார்த்து "நீ சைக்கிளுக்கு லாயக்கில்லை" என்று சொல்லும் முன் அவனைச் சமதளத்தில் ஓட்டவிட்டுப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வண்டிகள் அதிகம் இல்லாத நேரத்தில், மணக்குடிப் பாலத்துக்கும் ராஜாக்கமங்கலம் துறைக்கும் இடையே கடலோரச் சாலையில் 5 கி.மீ. போய், 5 கி.மீ. திரும்புங்கள். போகும்போது எத்தனை நிமிடம், வரும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு ஏற்ப இரண்டு நேரமும் மாறும், அது பரவாயில்லை. முதல் 2 கி.மீ.யில் பாய்ந்துவிட்டுக் கடைசி 2 கி.மீ.யில் தவழ்கிறீர்களா, கடைசிவரை ஒரே சீராக வருகிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று நான்கு வாரம் ஓட்டிய பிறகும் முதலில் பாய்வதுதான் உங்கள் இயல்பு என்றால் டைம் ட்ரையலை விட்டுவிட்டு, வெலோட்ரோமில் நடக்கும் டிராக் பந்தயங்கள் பக்கம் பாருங்கள். சீராக வருகிறீர்கள், அதோடு திரும்பும் வழியில் அந்தத் தனிமையும் பிடித்திருக்கிறது என்றால் தேடியது கிடைத்துவிட்டது.

கூட்டத்தில் ஓட்டும் திறமையைச் சோதிக்க ஆனி, ஆடி மாதங்களைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தல் போகும்போது மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரியும். நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்கி, பின்னால் விலகி வந்தால் எல்லோரும் நாகர்கோவில் சேரலாம். தனித்தனியாக வந்தால் ஒவ்வொருவரும் சோர்ந்துபோவார்கள். காவல்கிணறிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் நான்குவழிச் சாலையில் அதே காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அங்கே நேர்பின்னால் ஒளிந்தால் பயனில்லை; முன்னால் போகிறவருக்குச் சற்று இடப்பக்கமாகச் சரிந்து நிற்க வேண்டும். ஐரோப்பியப் பந்தயங்களில் கூட்டத்தைச் சிதறடிப்பது இந்தப் பக்கக் காற்றுதான்; இப்படிச் சரிந்து நிற்கும் வரிசையை அங்கே எக்கெலான் என்பார்கள். நமக்கு அந்தக் காற்று வீட்டு வாசலில் கிடைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: சாலையின் அகலம் முழுவதையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று நான்கு பேருக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம், அதுவும் விடியற்காலையில் மட்டும்.

ஏற்றத்துக்கு வருவோம். நீண்ட மலையேற்றம் நம் மாவட்டத்தில் கிடைப்பது அரிது. மலைப்பாதைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் போய்விடுகின்றன, யானை நடமாட்டமும் உண்டு; வனத்துறை அனுமதி இல்லாமல் கோதையாறு, காளிகேசம் பக்கம் பயிற்சி என்று கிளம்பக் கூடாது. மேற்கு வட்டங்களில் கிடைப்பது குட்டை ஏற்றங்கள். மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு போய் வந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று எத்தனையோ மேடுகள் வரும். ஐந்தாவது மேட்டிலும் எழுந்து நின்று சவுட்ட முடிகிறவருக்கு வளைவும் மேடுமான ரோட் ரேஸ்களும் மலைச் சைக்கிள் பந்தயமும் திறந்து கிடக்கின்றன. இந்தச் சாலைகளில் டாரஸ் லாரிகளின் போக்குவரத்து அதிகம் என்பதால் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

இனி டிராக். நான் மிகவும் ஆசையோடு பரிந்துரைப்பது இதைத்தான், குறிப்பாகப் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகவும் குறைவு என்பதும் ஒரு காரணம்.

வெலோட்ரோம் என்பது முட்டை வடிவில் சரிந்த தளம். உலகப் போட்டிகளுக்கான 250 மீட்டர் மரத்தளத்தில் வளைவுகள் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும்; கீழே நின்று பார்த்தால் சுவர்போலத் தெரியும். டிராக் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை, கியர் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தாலும், எதிரே லாரி வராத, நாய் குறுக்கே ஓடாத இடம் அது. பிள்ளையைச் சாலையில் விடப் பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

டிராக்குக்குள்ளேயே இரண்டு உலகங்கள் உண்டு. ஸ்பிரிண்ட், கெய்ரின், டிராக்கில் நடக்கும் குறுந்தூர டைம் ட்ரையல் ஆகியவை வெடித்துக் கிளம்பும் கால்களுக்கு. ஸ்பிரிண்டில் கடைசி 200 மீட்டர்தான் கணக்கு. அதற்கு முன்பு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடைவேகத்தில்கூடப் போவார்கள். 1948-இல் ஜப்பானில் பிறந்த கெய்ரினில் ஒரு மோட்டார் வண்டி முன்னால் போய் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டிவிட்டு விலகிக்கொள்ளும், அதன்பிறகு எல்லோரும் முட்டி மோதிப் பாய்வார்கள். பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்தில் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்துவது), பாயிண்ட்ஸ் (இடையிடையே வரும் பாய்ச்சல்களில் புள்ளி சேர்ப்பது), எலிமினேஷன், மேடிசன் (ஜோடியாக இருவர் மாறி மாறி ஓட்டுவது) ஆகியவை நெடுமூச்சுக்காரர்களுக்கு. எலிமினேஷனில் குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை கடைசியாக வருகிறவர் வெளியேற்றப்படுவார், பார்க்கிறவர்களுக்கும் இருப்புக்கொள்ளாது.

வெடித்துக் கிளம்பும் திறமையில் பிறவிக்கூறு அதிகம். வேகமாகச் சுருங்கும் தசைநார்களின் விகிதத்தைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே பெறுகிறோம். நெடுமூச்சைப் பல வருடப் பயிற்சியில் வளர்த்துக்கொள்ளலாம், வெடிப்பை அந்த அளவுக்கு வளர்க்க முடியாது. அதனால் பள்ளி மைதானத்தில் 100 மீட்டரில் முன்னால் வருகிற, நீளம் தாண்டுதலில் பரிசு வாங்குகிற பிள்ளையைப் பார்த்தால் சைக்கிளிலும் ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். காலியான நேர்சாலையில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, ஒரு குறியிலிருந்து 200 மீட்டர் முழு வேகம். பத்து நிமிட ஓய்வு, மறுபடியும் ஒன்று. மூன்றாவது முறையும் முதல் நேரத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்தப் பிள்ளையை விடாதீர்கள்.

கடலோரப் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு தெபோரா ஹெரால்டின் நினைவு வரும். கார் நிக்கோபாரில் பிறந்து, 2004 சுனாமியில் ஒரு மரத்தில் ஏறி உயிர் தப்பிய சிறுமி, பிறகு இந்தியாவின் முன்னணி டிராக் ஸ்பிரிண்ட் வீராங்கனை ஆனார். அதே அலை நம் மணக்குடியையும் குளச்சலையும் அடித்துப் போட்டது. வலை இழுத்தும் தோணி தள்ளியும் உரமேறிய கைகால்கள் நம் கடற்கரை ஊர்களில் நிறைய உண்டு. அவர்களில் எத்தனை பேர் வெலோட்ரோமைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

தூரம் ஒரு தடைதான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் உள்ள வெலோட்ரோம் நமக்கு 700 கி.மீ. தள்ளி. திருவனந்தபுரம் காரியவட்டத்தில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் இயங்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வளாகத்தில் இன்னொன்று இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து 50 கி.மீ. சுற்றித்தான் வரும். நேரே போய் ஓட்டிவிட முடியாது. முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும், பயிற்சியாளரிடம் பேச வேண்டும். தமிழ்நாட்டின் சார்பில் போட்டியிட வேண்டுமென்றால் மாநிலச் சங்கத்தின் தேர்வு வழியாகத்தான் போக வேண்டும். இவ்வளவு இருந்தும், மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு பக்கத்தில் இருப்பது தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குக் கிடைக்காத கொடுப்பினை.

மலைச் சைக்கிள் பந்தயத்தில் கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக் பிரிவு 1996 முதல் இருக்கிறது. 4 முதல் 6 கி.மீ. சுற்றை ஒன்றரை மணி நேரம்போலத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். கால் வலு பாதி, கை நேர்த்தி பாதி. வேரில் சறுக்கும் சக்கரத்தை உடம்பை அசைத்தே மீட்கத் தெரிய வேண்டும். அதைச் சின்ன வயதிலேயே பழகிக்கொள்வது நல்லது. ரப்பர் தோட்டங்களின் படிப்படியான சரிவுகள் இதற்கென்றே அமைந்தவை மாதிரி இருக்கும். ஆனால் அவை ஒருவருடைய பிழைப்பு. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெட்டுகாரர்கள் பால் எடுத்து முடித்த பிறகு ஓட்டுங்கள், மழைக்காலத்தில் மண்ணைக் கிளறாதீர்கள்.

இவ்வளவு கரடுமுரடு வேண்டாம், தாரும் வேண்டாம் என்பவர்களுக்கு கிராவல் என்கிற சரளைப் பாதைப் பந்தயம் இருக்கிறது. அதற்கு உலக சாம்பியன்ஷிப் 2022-இல்தான் தொடங்கியது, இந்தியாவில் இன்னும் வேரூன்றவில்லை. ஆனாலும் அனந்தனார் சானல்கரையிலோ தோவாளை சானல்கரையிலோ காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், கீழே சரளை. போட்டியே இல்லாவிட்டாலும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. சின்னச் சைக்கிளில் மேடுகளைத் தாண்டிப் பாயும் பிஎம்எக்ஸ் ஒரு நிமிடம்கூட நீடிக்காத அருமையான பந்தயம், ஆனால் அதற்கென்று கட்டிய தடம் வேண்டும். இங்கே இருந்துகொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம்.

முப்பது, நாற்பது வயதைத் தாண்டி இந்த ஆசை வருகிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூர ஓட்டம். கண்டிப்பாகச் சொன்னால் அது பந்தயமே அல்ல. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27-க்குள், 600-ஐ 40-க்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாரிசில் உள்ள ஓடாக்ஸ் சங்கத்தின் விதிகளின்படி உலகம் முழுவதும் நடக்கிறது, இந்தியாவிலும் நடத்துகிறார்கள். இந்த நாலு தூரத்தையும் ஒரே பருவத்தில் முடிப்பவருக்கு சூப்பர் ரேண்டனர் என்று பெயர். ஸ்பிரிண்ட் வேகம் முப்பதுகளிலேயே இறங்கத் தொடங்கும், நெடுமூச்சு நாற்பதுகளிலும் கைவிடாது. நிதானமும் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் சாப்பிடும் ஒழுங்கும் இங்கே காலைவிட முக்கியம், அவை வயதோடு வருகிற குணங்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி தாண்டிக் கயத்தாறு போய்த் திரும்பினால் 200-ஐச் சற்றுத் தாண்டும். அதற்கு முன்னால் நூறு கி.மீ. ஓட்டி, அடுத்த நாள் முட்டியும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். காஷ்மீரிலிருந்து சைக்கிளில் வந்து முக்கடலைத் தொடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அந்த ஆசை தானாகவே வந்துவிடும். அது நல்ல ஆசை, ஆனால் 200, 300 என்று படிப்படியாகத்தான் அங்கே போக வேண்டும். இரவில் ஓட்டும்போது முன்விளக்கும் பின்விளக்கும் ஒளிரும் சட்டையும் இல்லாமல் தேசிய நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது மூடிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல், சேற்றிலும் புல்லிலும் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் பலமுறை உலக சாம்பியன். 2023-இல் ரோட் ரேஸிலும் 2024-இல் கிராவலிலும் உலக சாம்பியன் ஆனார். ஆனால் முதல் இரண்டு வருடம் ஒன்றிலேயே நிற்பது நல்லது. பாதிப் பாதியாகக் கற்றால் எதிலும் கால் ஊன்றாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்டத்திலேயே ஒரு நல்ல சோதனைக்களம் இருக்கிறது. அண்ணா பிறந்த நாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் சைக்கிள் போட்டி. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10 கி.மீ.; 15 வயதுக்கும் 17 வயதுக்கும் உட்பட்ட பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. இந்தியாவில் தயாரான சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிள்தான் அனுமதி. ஆகவே விலை உயர்ந்த வண்டி வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை கிடையாது. எல்லோருக்கும் கால்தான் முதலீடு.

அந்தப் போட்டியில் உங்கள் பிள்ளை எத்தனையாவதாக வந்தாள் என்பதோடு நின்றுவிடாதீர்கள், எப்படி வந்தாள் என்று கவனியுங்கள். முடிந்தால் ஒரு பைக்கில் தள்ளியே பின்தொடர்ந்து பாருங்கள். கூட்டத்தின் நடுவில் அமைதியாக இருந்துவிட்டுக் கடைசி 300 மீட்டரில் வெளியே வந்து நாலு பேரைத் தாண்டினாளா? ரோட் ரேஸும் டிராக் ஸ்பிரிண்டும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. பாதி தூரத்திலேயே முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் தனியாகவே முடித்தாளா? டைம் ட்ரையலும் பர்சூட்டும். தொடக்கத்தில் பின்தங்கி, 10 கி.மீ.க்குப் பிறகு ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வந்தாளா? தூரம் கூடக் கூட அவளுடைய பலம் கூடும், கொஞ்சம் வளரவிட்டு நீண்ட பந்தயங்களுக்கு அனுப்பலாம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே ஏறினாளா? வாரம் ஒருமுறை அருமனைப் பக்கம் அழைத்துப் போங்கள்.

அடுத்த படிக்குப் போகும்போது வயதுக் கணக்கில் ஒன்றை நினைவில் வையுங்கள். சர்வதேச சைக்கிள் விதிகளில் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதுதான் வயது. 17, 18 என்றால் ஜூனியர், 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடு மோத வேண்டி வரும். மாநிலத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டங்களை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொண்டால் இரண்டு பருவமழைக்கும் நடுவே சாலை காய்ந்து கிடக்கும், காற்றும் அடங்கியிருக்கும். குறித்த நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். சைக்கிள் கடைக்கு ஏப்ரலில் போகலாம்.